38 பேருக்குச் சீனி 'போடர்லைன்': கம்பனி ஜிம் போட்டால் சரியாகுமா?

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான். சீனக்குடாப் பக்கம் உங்கள் கம்பனியில் 180 பேர், போன மாத மெடிக்கலில் 38 பேருக்கு வெறும் வயிற்றுச் சீனி 100க்கும் 125க்கும் நடுவில், அதாவது நீரிழிவுக்கு முந்தின எல்லைக்கோட்டில், வந்திருக்கிறது, முகாமையாளர் 'ஏதாவது செய்யுங்கோ' என்று பொறுப்பை உங்கள் தலையில் கட்டிவிட்டார். அவர் மனதில் இருப்பது ஒரு ஜிம், இல்லாவிட்டால் எல்லோருக்கும் ரீசேட் அடித்து உட்துறைமுக வீதியில் ஒரு நடைபவனி. எது பிரயோசனம் என்று கேட்கிறீர்கள்.

இரண்டும் வேண்டாம். ஜிம் போட்டால் அதற்குப் போகிறவர்கள் ஏற்கனவே பின்னேரம் ஏகாம்பரம் மைதானத்தில் பந்தடிக்கிற பெடியன்கள்தான், உங்கள் 38 பேரில் இரண்டு பேர் போனால் பெரிய விசயம். நடைபவனியில் எல்லோரும் வருவார்கள், படம் எடுப்பார்கள், முடிவில் கொடுக்கிற றோல்ஸையும் குளிர்பானத்தையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். என்னைக் கேட்டால், அந்த 38 பேருக்கு மட்டும் ஆறு மாதம், முடிந்தால் ஒரு வருடம் விடாமல் சின்னக் குழுக்களாகக் கூட்டி நடையையும் சாப்பாட்டையும் மாற்றப் பாருங்கள், 180 பேருக்கும் பொதுவாகத் தேத்தண்ணியையும் கன்ரீனையும் மாற்றுங்கள். அவ்வளவுதான் என் பதில், மிச்சமெல்லாம் அதற்கான விளக்கம்.

எல்லோருக்கும் பொதுவாக 'ஆரோக்கியத் திட்டம்' நடத்துவதைப் பற்றி நான் இப்படிச் சலித்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு பெரிய கடைத்தொகுதி நிறுவனத்தின் 160 கிளைகளை எடுத்து, அதில் 20 கிளைகளில் மட்டும் சாப்பாடு, உடற்பயிற்சி, மன அழுத்தம் என்று வகுப்புகள் நடத்திப் பார்த்தார்கள், ஊழியர்கள் எல்லோருமாக 33,000 பேரளவில். 2019இல் முடிவு வந்தது. வகுப்பு நடந்த இடங்களில் 'நான் உடற்பயிற்சி செய்கிறேன், நிறையைக் கவனிக்கிறேன்' என்று சொல்பவர்கள் கூடியிருந்தார்கள், ஆனால் 18 மாதம் கழித்து அளந்து பார்த்தால் உடல் நிறையிலோ பிரசரிலோ கொலஸ்ரரோலிலோ லீவு எடுக்கும் நாட்களிலோ சொல்லும்படி வித்தியாசம் இல்லை. சரி, வாழ்க்கை முறையை மாற்றுவதே வீண் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியுமா? முடியாது. வருத்தம் வரப்போகிறவர்களைத் தேடிப்பிடித்து அவர்களோடு மட்டும் நெருக்கமாக வேலை செய்த ஆய்வுகளின் கதை வேறு. பின்லாந்தில் 522 பேர், முடிவு வந்தது 2001இல், அமெரிக்காவில் 3,234 பேர், 2002இல். இரண்டிலும் நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. அமெரிக்க ஆய்வில் இன்னொரு குழுவுக்கு நீரிழிவுக்குக் கொடுக்கிற மெட்போர்மின் குளிசை கொடுத்தார்கள், அதில் குறைந்தது 31 சதவீதம்தான். குளிசையை விட நடையும் சாப்பாடும் கூடுதலாக வேலை செய்தது என்று நான் சொன்னால் கூட்டங்களில் ஒருவரும் நம்பமாட்டார்கள், 'அப்ப டொக்டர் ஏன் குளிசை தாறார்' என்று கேட்பார்கள். வருத்தம் வந்த பிறகு குளிசை வேண்டும்தான், நான் சொல்வது வருவதற்கு முந்தின கட்டத்தை.

வெள்ளைக்காரர் கதை நமக்குப் பொருந்துமா என்று முகாமையாளர் கேட்டால் சென்னையைச் சொல்லுங்கள், அதுதான் நமக்குக் கிட்ட. டொக்டர் ராமச்சந்திரன் குழுவினர் 2006இல் வெளியிட்டது, எல்லைக்கோட்டில் நின்ற 531 பேர், பெரும்பாலும் அலுவலகங்களிலும் சேவை நிறுவனங்களிலும் வேலை செய்த நடுத்தர வர்க்கத்துச் சனம். எதுவும் பெரிதாகச் செய்யாமல் விட்ட குழுவில் மூன்று வருடத்தில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. யோசித்துப் பாருங்கள், பாதிக்கு மேல், அதுவும் மூன்றே வருடத்தில். நம்மவர்களுக்கு இது எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதற்கு இதைவிட வேறு கணக்கு வேண்டாம். சாப்பாட்டையும் நடையையும் மாற்றிய குழுவில் 39 சதவீதம். அதற்காக அவர்கள் பெரிய வித்தை ஒன்றும் செய்யவில்லை, தினம் அரை மணித்தியாலம் நடக்கச் சொன்னார்கள், மாதம் ஒருமுறை தொலைபேசியில் பேசினார்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை நேரில் பார்த்தார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்த விசயம், அவர்களுக்கு நிறை குறையவே இல்லை, ஆனாலும் வருத்தம் குறைந்தது. தராசு முள் இறங்கவில்லை என்று மூன்றாம் மாதத்தில் மனம் விட்டுப்போகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வது. அதே குழுவினர் பிறகு வேலைக்குப் போகும் ஆண்கள் 537 பேரில், பாதிப்பேருக்குக் கைத்தொலைபேசிக்குக் குறுஞ்செய்தி மட்டும் அனுப்பிப் பார்த்தார்கள். இரண்டு வருடத்தில் செய்தி போனவர்களில் 18 சதவீதம் பேருக்கு நீரிழிவு, போகாதவர்களில் 27. இன்னொன்றும் உண்டு, இந்தியாவிலேயே 11 வேலைத்தளங்களில் இரண்டாயிரம் பேருக்குச் சற்று மேல் சேர்த்து ஒரு ஆய்வு நடந்தது, அதில் வகுப்பு நடத்தியவர்கள் டொக்டர்மார் இல்லை, பயிற்சி கொடுக்கப்பட்ட சாதாரண ஆட்கள். ஆகவே 'எங்களிடம் டொக்டர் இல்லையே' என்பது ஒரு சாட்டு இல்லை.

இப்போது உங்கள் 38 பேருக்கு வருவோம். அந்தப் பட்டியலே முழுசு இல்லை என்பது என் சந்தேகம். வெறும் வயிற்றில் மட்டும் பார்த்தால் நம்மவர்களில் நிறையப் பேர் தப்பிவிடுவார்கள், காலையில் 94 காட்டும், குளுக்கோஸ் குடித்து இரண்டு மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் 160 நிற்கும். 140 தொடக்கம் 199 வரை வந்தால் அதுவும் எல்லைக்கோடுதான். 180 பேருக்கும் அந்தச் சோதனை செய்யக் காசு இல்லை என்றால் ஒரு அளவு நாடா போதும். மெட்ராஸில் டொக்டர் மோகன் குழுவினர் 2005இல் ஒரு புள்ளிக் கணக்கு போட்டுத் தந்திருக்கிறார்கள், வயது, இடுப்புச் சுற்றளவு, தாய் தகப்பனுக்கு இருக்கிறதா, உடல் அசைகிறதா என்ற நாலே கேள்வி, மொத்தம் நூறு புள்ளி, 60ஓ அதற்கு மேலோ வந்தால் ஆபத்து அதிகம். உங்கள் கணக்குப் பிரிவில் 42 வயது ஆள் ஒருவர் இருக்கிறார் என்று வையுங்கள். வயதுக்கு 20, இடுப்பு 94 சென்ரிமீற்றர் என்றால் 10, அம்மாவுக்குச் சலரோகம் என்றால் 10, உப்புவெளியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து நாள் முழுக்கக் கதிரையில் இருப்பவர் என்பதால் 30. எழுபது. பார்த்தால் மெலிந்த ஆள், வயிறு கொஞ்சம் முன்னுக்கு, யாரும் சந்தேகப்படமாட்டார்கள். நம்முடைய உடம்பு அப்படி, கை கால் மெல்லிசாக இருக்கும், கொழுப்பு வயிற்றுக்குள் போய்ச் சேரும். அதனால்தான் நமக்கு இடுப்பு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 என்று குறைவாக வைத்திருக்கிறார்கள். பெண்களிடம் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும், பிள்ளை வயிற்றில் இருந்தபோது சீனி கூடினதா என்று. ஆம் என்றால் புள்ளி பார்க்காமலே சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிப் பிடித்தவர்களுக்கு மட்டும் இரத்தச் சோதனை செய்யலாம். உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள், சுகாதார அமைச்சு 2011 தொடக்கம் நடத்துகிற ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் இந்தப் பரிசோதனைகள் இலவசம். வெறும் வயிற்றுச் சோதனையில் 126ஐத் தொட்டவர்களையும் தாண்டியவர்களையும் உங்கள் குழுவில் வைத்து நடையால் மாற்றப் பார்க்காதீர்கள், நேரே கிளினிக்குக்கு அனுப்புங்கள்.

ஒரு விசயத்தில் மட்டும் நான் கடுமையாகச் சொல்வேன், ரிப்போர்ட் யார் கையில் இருக்கிறது என்பதில். சில வருடங்களுக்கு முன் ஒரு வேலைத்தளத்தில் இதை நடத்த நான் உதவிக்குப் போனேன். பட்டியலை மேற்பார்வையாளரிடம் கொடுக்காதீர்கள் என்று சொல்ல நான் மறந்துபோனேன், பிழை என்னுடையதும்தான். அவர் நல்லது செய்வதாக நினைத்து, பாரந்தூக்கி ஓட்டுகிற ஒரு அண்ணையை 'சீனி ஆள், மயங்கி விழுந்தால் என்ன செய்வது' என்று இரவு வேலையிலிருந்து நிற்பாட்டிவிட்டார். ஓ.ரி. காசு போனது. அந்த அண்ணைக்கு வருத்தமே இல்லை, எல்லைக்கோட்டில் நின்றவர். அடுத்த வருடம் அந்த இடத்தில் இரத்தம் கொடுக்க ஒரு தொழிலாளியும் வரவில்லை, ஏன் வருவார்கள்? ஆகவே முடிவு அவரவர் கையில் மூடிய உறையில் போகட்டும், பட்டியல் சோதனை செய்த தாதியிடமோ டொக்டரிடமோ இருக்கட்டும், குழுவில் சேருவது அவரவர் விருப்பம் என்று முகாமையாளர் கையெழுத்தோடு ஒரு துண்டு ஒட்டுங்கள். உங்களுக்குக்கூட யார் அந்த 38 பேர் என்று தெரிய வேண்டியதில்லை. இப்போது தெரிந்துவிட்டது, சரி, வாயை மூடிக்கொண்டு இருங்கள்.

அப்புறம் தேத்தண்ணி. இதைப் பற்றி நான் நிறையக் கதைப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நம்முடைய வேலைத்தளங்களில் சீனி போகிற பாதையே அதுதான். காலை வந்தவுடன் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, மத்தியானம் சாப்பிட்ட கையோடு ஒரு வெறும் தேத்தண்ணி, மூன்றரைக்குப் பால் தேத்தண்ணி. கன்ரீன் பெடியன் பெரிய கேத்திலில் சீனியைப் போட்டே கலக்கிக் கொண்டுவருவான், கோப்பைக்கு மூன்று தேக்கரண்டிக்குக் குறையாது, அதாவது 12 தொடக்கம் 15 கிராம். நாலு கோப்பையில் 48 தொடக்கம் 60 கிராம் வந்துவிடும். ஒரு நாள் முழுவதுக்கும் சேர்க்கிற சீனி 50 கிராமுக்குள் நிற்க வேண்டும், 25க்குள் நின்றால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆக கேக்கையும் குளிர்பானத்தையும் தொடாமலே, தேத்தண்ணியிலேயே கணக்கு முடிந்துவிடுகிறது. இதற்கு வகுப்பு வேண்டாம், போஸ்டர் வேண்டாம். கேத்திலில் சீனி போடாமல் கொண்டுவரச் சொல்லுங்கள், சீனிப் போத்தலும் சின்னக் கரண்டியும் பக்கத்தில் இருக்கட்டும், வேண்டியவர் தானே போட்டுக்கொள்ளட்டும். யாரையும் தடுக்கவில்லை, ஆனால் கையால் மூன்று கரண்டி அள்ளிப் போடும்போது மனிசனுக்கு வெட்கம் வரும், இரண்டாகும், ஒரு மாதத்தில் ஒன்றாகும். முதல் கிழமை சத்தம் போடுவார்கள். நாக்கு பழக மூன்று நாலு கிழமை எடுக்கும், அதுவரை நீங்கள் அசையக்கூடாது. கன்ரீன்காரரை முதலில் கூப்பிட்டுப் பேசிவிடுங்கள், சீனிச் செலவு அவருக்குத்தான் மிச்சம் என்றால் அவர் உங்கள் பக்கம் வந்துவிடுவார்.

சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டி கடித்துக் குடிப்பவர்கள் தங்களுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறார்கள், அதுவும் சீனிதான். கிறீம் கிறாக்கர் பக்கற்றும் அப்படி, இனிப்பு இல்லை என்பதால் வருத்தக்காரர் சாப்பாடு என்று பெயர் வாங்கிவிட்டது, உள்ளே இருப்பது கோதுமை மா. குளிர்பானப் போத்தலில் 2016 தொடக்கம் நிற அடையாளம் இருக்கிறது, 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை, நடுவில் செம்மஞ்சள். செம்மஞ்சள் என்றால் பரவாயில்லை என்று நினைத்துவிடாதீர்கள், 8 கிராம் என்று போட்ட 400 மில்லிப் போத்தலைக் குடித்தால் 32 கிராம் உள்ளே போகும்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டிலிருந்து பார்சல் கொண்டுவருபவர்களும் கடைப் பார்சல் வாங்குபவர்களும் இருப்பார்கள். இரண்டிலும் ஒரே கோலம்தான், முக்கால் பங்கு சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி பருப்பு, ஒரு துண்டு மீன், கீரை என்று பெயருக்கு ஒரு சொட்டு. சோற்றை நிற்பாட்டு என்று சொன்னால் அடுத்த கிழமை ஒருவரும் வரமாட்டார்கள், வரவும் கூடாது. நான் சொல்வது ஓரத்தையும் நடுவையும் இடம் மாற்றுங்கள் என்று. முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல், பாவற்காய், பயற்றங்காய், இவை பாதி இடம் பிடிக்கட்டும், மீனும் பருப்பும் கால் பங்கு, சோறு மிச்சம் இருக்கிற காலுக்குள். நம்முடைய ஊரில் மீனுக்கா பஞ்சம், சூடையும் கீரியும் விலை குறைந்த நாளில் இதைவிட நல்ல புரதம் எங்கே இருக்கிறது. சிவப்பரிசி நல்லதுதான், ஆனால் சிவப்பரிசி என்றதும் இரண்டு கோப்பை கூடப் போட்டுச் சாப்பிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். இரவில் இடியப்பம் பத்துப் பன்னிரண்டு போடுபவர்களும் அப்படித்தான், அது அரிசி என்பதே ஞாபகம் இருப்பதில்லை.

இங்கே ஒரு நுணுக்கம். பார்சல் கட்டுபவர் உங்கள் கம்பனியில் வேலை செய்யவில்லை, அவர் வீட்டில் இருக்கிறார். முதல் மாதத்திலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வரச்சொல்லி ஒரு கூட்டம் வையுங்கள். நான் பார்த்த அளவில், மனைவிமார் வந்த கூட்டத்துக்குப் பிறகுதான் பார்சல் மாறியது, அதற்கு முந்தி நான் தொண்டை கிழியக் கத்தியும் மாறவில்லை.

நடைக்கு வருவோம். அமெரிக்க ஆய்வில் கிழமைக்கு 150 நிமிடம், அதாவது அரை மணித்தியாலப்படி ஐந்து நாள். திருகோணமலையில் வைகாசி ஆனியில் கச்சான் காற்று வீசும்போது பகல் பன்னிரண்டு மணிக்கு நடக்கச் சொன்னால் ஆள் சுருண்டு விழுவார், அப்படித் திட்டம் போடாதீர்கள். காலை ஐந்தரைக்கு டச்சுபே கரையில், இல்லாவிட்டால் கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயில் வரை ஏறி இறங்கினால் மான்களைப் பார்த்துக்கொண்டே அரை மணித்தியாலம் போய்விடும். காலையில் முடியாதவர்களுக்கு, சாப்பிட்ட பிறகு களஞ்சியத்தின் உள்ளேயே பத்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று தரம். சாப்பிட்ட கையோடு நடந்தால் கால் தசை இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே இரத்தத்தில் இருக்கிற சீனியை இழுத்துக்கொள்ளும், அதனால் நேரம் குறைவு என்றாலும் பலன் இருக்கும். இடுப்பு வலி, முழங்கால் வலி உள்ளவர்கள் கதிரையிலிருந்து கைபிடிக்காமல் எழும்பி இருந்து பழகலாம், அதுவும் தசைக்கு வேலைதான்.

இரவு வேலைக்காரர்களும் காவலாளிகளும்தான் எனக்குக் கவலை. இரவு வேலையே ஆபத்தைக் கூட்டுகிறது, தூக்கம் கெடுவதும் அப்படி, அதோடு விடிய இரண்டு மணிக்கு முழித்திருக்க இனிப்புத் தேத்தண்ணியும் பணிசும். இவர்களுக்குக் காலைக் கூட்டம் சரிவராது, வேலை தொடங்க முன் பத்து நிமிடம் தனியாகப் பேச வேண்டும். இரவுச் சாப்பாட்டை ஒன்பது மணிக்குள் முடித்து, விடியப்புறம் பசித்தால் அவித்த கடலையோ முட்டையோ கையில் இருக்கட்டும்.

கூட்டம் எப்படி? பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் ஒரு குழுவில் வேண்டாம். முதல் நாலு மாதம் கிழமைக்கு ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை, ஒவ்வொன்றும் முக்கால் மணித்தியாலம், கட்டாயம் வேலை நேரத்துக்குள். வேலை முடிந்து வை என்று முகாமையாளர் சொன்னால் அவருக்கு இதில் மனமில்லை என்று அர்த்தம், ஏனென்றால் ஐந்து மணிக்கு மூதூர், கிண்ணியா போகிறவர்கள் பஸ்ஸைத்தான் பார்ப்பார்கள். நடத்துபவர் விரிவுரை செய்யக்கூடாது, ஒவ்வொருவரும் போன கிழமை எதை மாற்றினோம், எங்கே சறுக்கினோம் என்று சொல்ல வேண்டும், அடுத்த கிழமைக்கு ஒரே ஒரு சின்ன வேலையைத் தானே தெரிவுசெய்ய வேண்டும். நிறை இலக்கு வைப்பதென்றால், அமெரிக்க ஆய்வில் வைத்தது 7 சதவீதம் குறைப்பது, 75 கிலோ ஆளுக்கு அது ஐந்து கிலோ சொச்சம், அதைக் கூட்டத்தில் அறிவிக்காமல் அவரவர் கொப்பியில் எழுதிக்கொள்ளட்டும். உங்கள் இடத்தில் மூன்று இனமும் இருக்கும், ஆகவே தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, நோன்பு மாதம் எல்லாவற்றையும் கணக்கில் எடுங்கள். நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழமும் கஞ்சியும் போதும், அதற்கு மேல் வருகிற சர்பத்தும் பொரியலும்தான் பிரச்சினை என்பதை அவர்களில் ஒருவரே சொன்னால் எடுபடும், நீங்கள் சொன்னால் குறையாகப் போய்விடும். சிகரெட்டும் நீரிழிவு ஆபத்தைக் கூட்டும் என்பதையும் ஒரு நாள் பேசுங்கள், சாராயத்தைப் பேசத் தொடங்கினால் அன்றைய கூட்டம் அதோடு முடிந்தது, ஆனாலும் அதன் பக்கத்தில் வைக்கிற பொரியல் தட்டைப் பற்றியாவது பேசத்தான் வேண்டும். இடைப்பட்ட நாட்களில் வட்ஸ்அப்பில் கிழமைக்கு இரண்டு மூன்று செய்தி, சும்மா காலை வணக்கப் படம் இல்லை, 'இண்டைக்கு எத்தனை கோப்பை தேத்தண்ணி' மாதிரி.

செலவு என்று பார்த்தால் அளவு நாடா, ஒரு தராசு, சோதனைக் காசு, கிழமைக்கு முக்கால் மணித்தியால வேலை நேரம். ஜிம்முக்கு ஒரு ஓடுபொறி வாங்குகிற காசில் இரண்டு வருடம் நடத்தலாம் என்று முகாமையாளரிடம் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். அவர் 'முடிவைக் காட்டு' என்று கேட்பார், தொடக்க நாளில் எத்தனை பேர் வந்தார்கள் என்பதைக் காட்டாதீர்கள், அது எந்தக் கூட்டத்துக்கும் வரும். ஆறாம் மாதம் எத்தனை பேர் மிச்சம், இடுப்பு எவ்வளவு இறங்கியது, வருட முடிவில் அதே சோதனையில் எத்தனை பேர் 100க்குக் கீழே வந்தார்கள், எத்தனை பேர் 126ஐத் தொட்டார்கள் அல்லது தாண்டினார்கள், இந்த நாலையும் பெயர் இல்லாமல் எண்ணாக மட்டும் கொடுங்கள். சிலர் தாண்டத்தான் செய்வார்கள், சென்னையிலும் தாண்டினார்கள், அதற்காக அவர்களைக் குற்றவாளியாக்க வேண்டாம்.

எப்போது தொடங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். வாடை மழை விட்ட பிறகு, தை கடைசியில் தொடங்குங்கள், காலையில் நடக்க நல்ல குளிர்ச்சி இருக்கும், கச்சான் தொடங்கும்போது குழு பழகிவிடும். கேத்தில் விசயத்துக்கு மழை ஒரு தடையில்லை, அதை வருகிற திங்கட்கிழமையே செய்யலாம். குழு தொடங்கின பிறகு ஆறாவது கிழமை எத்தனை பேர் வந்தார்கள் என்று எனக்கு எழுதுங்கள், பாதிக்குக் குறைந்தால் கூட்ட நேரத்தைத்தான் முதலில் மாற்றிப் பார்க்க வேண்டும்.